மாத்திரைக்குப் பின் அரை மணி நேரம்

உறுதி செய்துகொள்ள முடிந்தவற்றை மட்டுமே இதில் எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. நான் நலமடைந்த செய்தி பரவியதும் கோவில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு மாத்திரை அட்டையின் படத்தைப் போட்டு, ‘நம் ஆசிரியரைப் பிழைக்க வைத்த மருந்து இதுதான்’ என்று எழுதிவிட்டார். அன்று மாலையே இருவர் தொலைபேசியில் அழைத்தனர். அவர்களுள் ஒருவர், மருத்துவர் தமக்கு எழுதித் தந்திருந்த பழைய மருந்தை அன்று காலையே நிறுத்திவிட்டிருந்தார். என் உடம்பில் நடந்தது அவர்கள் நினைப்பது போன்றதன்று.

என்னிடம் மூன்று சான்றுகள் இருக்கின்றன. ‘எண்டோஸ்கோப்பி’ எனும் உள்நோக்கிப் பரிசோதனையின் அறிக்கைகள் மூன்று; மருந்து இட்டுத் தந்த உறைகள்; எங்கள் சமையலறை நாட்காட்டி. மாத்திரை விழுங்கிய ஒவ்வொரு நாளையும் அந்த நாட்காட்டியில் என் மனைவி தனலெட்சுமி நீல மையால் குறித்து வைத்திருக்கிறாள். உரையாடல்களை மட்டும் நினைவிலிருந்து எழுதுகிறேன். மனைவியும் மகளும் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தினார்கள். நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மருத்துவச் செய்திகள் எனக்குச் சொல்லப்பட்டவாறே இங்கு உள்ளன.

நெஞ்செரிச்சல் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஜொகூர் மாநிலத்து மாசாயில் எங்கள் வீட்டருகே உள்ள கிளினிக்கில் முதலில் வெள்ளை நிறக் குழம்பு மருந்து கொடுத்தார்கள். அது சுரந்துவிட்ட அமிலத்தை அப்போதைக்கு முறிக்கும். சிறிது நேரத்தில் எரிச்சல் திரும்பிவிடும். பின்னர் ஃபமோடிடின் என்ற மாத்திரை. அமிலம் சுரக்கச் சொல்லும் கட்டளைகளுள் ஒன்றை அது தடுக்கிறதாம். முதல் வாரம் எனக்குப் புது வயிறு கிடைத்தாற்போல் இருந்தது. மூன்றாம் வாரம் அதே மாத்திரை அதே அளவில் எதுவும் செய்யவில்லை. உடம்பு அதற்குப் பழகிவிடுவதுண்டு என்று பின்னால் அறிந்தேன்.

அதன்பின் ஒரு மாலை, தோசைத் துண்டு ஒன்று நெஞ்சின் நடுவே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அமர்ந்திருந்தேன். தனலெட்சுமி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவருக்குத் தோசையன்று, ஒரு வாய்ச் சோறு. உணவுக்குழாயில் புற்றுநோய். பதினொரு மாதத்தில் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மலம் கருத்துப் போனது. மகள் கவிதா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். பணியிலிருந்து பாதியில் வந்து எங்களை ஜொகூர் பாருவில் ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் முதல் பரிசோதனை. தொண்டையில் கசப்பான மருந்தைத் தெளித்து மரத்துப்போகச் செய்து, பற்களுக்கிடையே ஒரு வளையத்தைப் பொருத்தி, நுனியில் படக்கருவி உள்ள வளையும் குழாயை உள்ளே இறக்குகிறார்கள். வலி பெரிதில்லை. மூச்சு விடலாம் என்று அறிவு சொல்கிறது. விட முடியாது என்று உடம்பு அடம்பிடிக்கிறது. அந்தச் சண்டைதான் துன்பம்.

மருத்துவர் ஷாமினி என் மகளைவிடச் சில ஆண்டுகளே மூத்தவராக இருப்பார். திரையில் படத்தைக் காட்டினார். சிவந்த குழாய், அதன் உட்சுவரைச் சுற்றி, ஏறக்குறைய ஒரு முழு வட்டமாக, வெண்மஞ்சள் படிந்த புண்.

“இதுக்கு நாலு நிலை இருக்கு சார். உங்களது நாலாவது. மேல வர்ற ஆசிட் அரிச்சு அரிச்சுப் புண்ணாக்கியிருக்கு.”

“புற்று?”

“இப்ப சொல்ல முடியாது. புண்ணு இவ்வளவு பெருசா இருந்தா அடியில என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. முதல்ல ஆறணும். எட்டு வாரம் மருந்து, அப்புறம் மறுபடி உள்ள பார்ப்போம்.”

அந்த நொடியிலிருந்து என் கவலை முழுவதும் ஒரே சொல்லில் வந்து நின்றது: ஆறணும். ஆறினால்தான் பார்க்க முடியும். பார்த்தால்தான் அண்ணனின் வழியா வேறு வழியா என்று தெரியும்.

வார்டில் மூன்று நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மணியம் என்றொருவர் இருந்தார். கூலாய்ப் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். சர்க்கரையால் காலில் வந்த புண்ணுக்காகச் சேர்ந்திருந்தவர். என் மருந்தின் பெயரைக் கேட்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

“பான்டோப்ரசோலா? அட, நானும் போன வருஷம் அதான் சார் போட்டேன். எனக்கும் நெஞ்சுல புண்ணு. ரெண்டே மாசம், சுத்தமா ஆறிப்போச்சு.”

“பத்தியம் இருந்தீங்களா?”

“பத்தியமா? காலைல மாத்திரையப் போடுவேன். லாரிய எடுத்துக்கிட்டு கடைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம். போனதும் ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க லா.”

நெய்யில் புரட்டிய பரோட்டாவும் ஆற்றிய பால் தேநீரும் பத்தியமா என்று தனலெட்சுமி சிரித்தாள். நான் அவரை மனத்துக்குள் சற்று இகழ்ந்தேன் என்பதையும் எழுத வேண்டும். மருந்தை இப்படியா உண்பது என்று எண்ணினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த உறையில் ‘உணவுக்கு முன்’ என்று மலாயில் அச்சிட்டிருந்தது. வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி நேரம் முன்பு என்று மருந்தக முகப்பில் இருந்தவர் வாயாலும் சொன்னார். வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். தைப்பூசத்துக்கு நாற்பத்தொன்பது நாள் இருந்தது. மறுநாளே தொடங்கினால் நாற்பத்தெட்டு நாள் விரதம் சரியாக அமையும். புண் ஆற வேண்டும், அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். ஒரு நாளைக்கு ஒருவேளை உணவு. அதுவும் மாலைப் பூசை முடிந்து ஏழு மணிக்கு. பகலில் தண்ணீர் மட்டும்.

காலை ஆறு மணிக்கு மாத்திரை. தனலெட்சுமி நாட்காட்டியில் குறி போடுவாள். ஆறரை மணிக்கு நொய்க் கஞ்சி ஒரு கிண்ணத்தில், மேலே தட்டு மூடி, என் முன்னால் வந்து அமரும்.

“மெதுவான சாப்பாடா சாப்பிடச் சொன்னாங்க, டாக்டர்.”

“விரதம் முடியட்டும்.”

“பாலும் பழமும்கூட வேணாம்னா எப்படி? கஞ்சி குடிச்சா முருகன் கோவிச்சுக்குவாரா? பால்குடத்தத் தூக்க விடமாட்டாரா?”

“அரைகுறையா விரதம் இருக்கிறதுக்கு இல்லாமலே இருக்கலாம்.”

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள். மறுநாள் ஆறரை மணிக்குக் கிண்ணம் திரும்பவும் வரும். இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

முதல் பத்து நாள் பகலில் எரிச்சல் இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று கவிதாவிடம் சொன்னேன். இரவுதான் கடினமாயிற்று. பகல் முழுதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்குள் ஏழு மணிக்கு முழுச் சாப்பாடும் போய், ஒன்பது மணிக்குப் படுத்தால், நெஞ்சுக்குள் ஏதோ கொதித்து மேலே ஏறியது. முப்பத்துமூன்றாம் நாள் மாலை, குழைந்த சோறே நெஞ்சில் நின்றது. ஐந்து நிமிடம்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அண்ணனின் கடைசி மாதத்தின் முகம் என் முன்னால் இருந்தது.

“டாக்டருக்குப் போன் பண்ணலாமுங்க.”

“தேதி கொடுத்திருக்காங்க. அன்னைக்குப் போவோம்.”

பால்குடம் எடுத்தேன். நாற்பத்தெட்டு நாளும் குறையில்லாமல் முடிந்ததில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. எட்டு நாள் கழித்து இரண்டாம் பரிசோதனை.

குழாயை வெளியே எடுத்த பின் மருத்துவர் ஷாமினி திரையின் பக்கம் திரும்பினார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். எது பழையது, எது புதியது என்று எனக்குத் தெரியவில்லை. தேதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“மாத்திரைய ஒழுங்காப் போட்டீங்களா சார்?”

“ஒரு நாளும் தவறல.”

கவிதா கைப்பேசியில் நாட்காட்டியின் படத்தைக் காட்டினாள். வரிசையாக நீலக் குறிகள்.

“சாப்பாட்டுக்கு முன்னாடிதானே?”

“முன்னாடிதான்.”

தனலெட்சுமி வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள். நேர்த்திக்கடனை மருத்துவமனையில் பேசுவது எனக்கு ஒவ்வாததாகப் பட்டது. மருத்துவரும் அதைக் கேட்கவில்லை.

“இந்த மருந்துக்கு ஆறாத புண்ணு கொஞ்சப் பேருக்கு உண்டு,” என்றார் மருத்துவர். “ஓரத்துல இருந்து சதை எடுத்திருக்கேன். டெஸ்ட் ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆகும். மருந்த மாத்துறேன். இது புது வகை. வோனோப்ரசான்.”

‘ஆறாத புண்’ என்ற சொல் என் காதில் விழுந்த விதத்தை நான் விவரிக்கப் போவதில்லை. மணியத்துக்கு ரொட்டி சானாயோடு ஆறியது எனக்கு விரதத்தோடும் ஆறவில்லை என்றால், எனக்கு உள்ளே இருப்பது வேறு என்றே முடிவு செய்தேன். மருந்தகத்தின் முன் எண்ணுக்காகக் காத்திருந்தபோது, வீட்டுப் பத்திரங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று கவிதாவிடம் சொல்லத் தொடங்கினேன்.

“அப்பா, இங்கயா? இப்பவா? சும்மா இருங்க.”

எங்கள் எண் வந்தது. முகப்பில் இருந்தவர் மலாய்ப் பெண். தலைத்துணியின் மேல் கண்ணாடி அணிந்த இளம் மருந்தாளுநர். புதிய மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு கணினியில் என் பழைய மருந்தைப் பார்த்தார். எட்டு வாரம் உண்டும் ஆறவில்லை என்பதைப் படித்துவிட்டு, மரியாதையாக, வயதானவரை அழைக்கும் முறையில் கேட்டார்:

“பாக்சிக், சாராப்பான் பூக்குல் பெராப்பா?”

காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். இப்போது ஏழு மணிக்கு என்றேன். இந்த எட்டு வாரமும் அப்படித்தானா என்றார். நான் விடையை எப்படி அமைப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கையிலேயே தனலெட்சுமி முந்திக்கொண்டாள்.

“தா மாக்கான். புவாசா. நாற்பத்தெட்டு நாள்!” சாப்பிடவே இல்லை, நோன்பு. மலாயில் தொடங்கித் தமிழில் முடித்தாள். பிறகு பத்து விரல்களையும் நான்கு முறையும் எட்டு விரல்களை ஒரு முறையும் விரித்துக் காட்டினாள்.

மருந்தாளுநர் மாத்திரைகளைக் கீழே வைத்தார். அவர் மலாயில் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். தம் மக்களுக்கு நோன்பு மாதம் வரும்போது இந்த மாத்திரை உண்பவர் அனைவரிடமும் நேரத்தைப் பற்றிப் பேசுவார்களாம். விடியலுக்கு முன் உண்ணும் உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக எழுந்து விழுங்கச் சொல்வார்களாம். “பாக்சிக் இந்தியர். அதனால் யாரும் நோன்பைப் பற்றிக் கேட்கவில்லை,” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மருத்துவர் எங்களைத் திரும்ப அழைத்தார். அவர் முகத்தில் கோபமும் ஆறுதலும் ஒன்றாக இருந்தன.

“சார், நீங்க பொய் சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னீங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இப்படிப் பண்ணா என்ன செய்வீங்க?”

தனலெட்சுமி, “முட்டி போட வைப்பாரு,” என்றாள்.

பிறகு மருத்துவர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்து விளக்கினார். இரைப்பையின் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய விசைகள், அதாவது பம்புகள், பல உள்ளன. வயிறு வெறுமையாக இருக்கையில் அவற்றுள் பெரும்பாலானவை உறங்குகின்றன. உணவு வந்தால்தான் விழிக்கின்றன. பான்டோப்ரசோல் இனத்து மருந்துகள் விழித்திருக்கும் விசையைத்தான் நன்றாகப் பூட்டும். விழுங்கிய பின் அந்த மருந்து இரத்தத்தில் தங்குவதோ சில மணி நேரமே. அரை மணி நேரம் கழித்து உணவு வந்தால், விசைகள் விழிக்கும் வேளையில் மருந்து காத்து நிற்கும். நான் ஆறு மணிக்கு விழுங்கிவிட்டு ஏழு மணிக்கு உண்டேன். ஆனால் அது மாலை ஏழு. மருந்து வந்தபோது விசைகள் உறங்கின. விசைகள் விழித்தபோது மருந்து போய்விட்டிருந்தது. வெறும் வயிறு என்ற பாதியை நான் அணுப் பிசகாமல் காத்தேன். மறு பாதி என் முன்னால் கிண்ணத்தில் வந்து திரும்பிப் போயிற்று.

“அப்ப பழைய மருந்து கெட்ட மருந்து இல்ல?” என்றாள் கவிதா.

“அது தோத்துச்சுன்னே சொல்ல முடியாது. அதுக்குச் சான்ஸே கொடுக்கலயே. இப்ப ரெண்டு வழி இருக்கு. அதே மருந்த ஒழுங்கான நேரத்துல எட்டு வாரம் போடலாம். இல்லன்னா எழுதின புதுசையே ஆரம்பிக்கலாம். இது சாப்பாட்டுக்காகக் காத்திருக்காது. ரொம்ப நேரம் வயித்துலயே நிக்கும். லேசான புண்ணுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்களது மாதிரி மோசமான புண்ணுக்குப் புதுசு இன்னும் நல்லா ஆத்துறதா ஆராய்ச்சி சொல்லுது. ஆனா வருஷக்கணக்கா போட்டுப் பார்த்த அனுபவம் பழசுக்குத்தான் அதிகம்.”

பழையதையே முறையாக உண்டு பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது. பிழை மருந்தினுடையதா என்னுடையதா என்று தெரிந்துவிடும் அல்லவா? அதைச் சொன்னேன். தனலெட்சுமி, மணமாகி வந்த நாள்முதல் நான் கேட்டிராத குரலில் பேசினாள்.

“எந்த மருந்து ஜெயிக்குதுன்னு பாக்கவா வந்தோம்? ஆறணும். அடியில என்ன இருக்குன்னு பாக்கணும். உங்க அண்ணிகூட நான் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியும். புதுச எழுதுங்க டாக்டர். கஞ்சிய நான் பார்த்துக்கிறேன்.”

அவ்வாறே ஆயிற்று. புதிய மாத்திரை, ஆறரை மணிக்குக் கஞ்சி, மூன்று வேளை சிற்றளவு உணவு, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் கடைசி உணவு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கவிதா செங்கல் வைத்தாள். வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று சொன்னாள்:

“ஒண்ணு தெரியுமா அப்பா? எங்க லைன்ல மெஷின் கெட்டுப்போச்சுன்னா ஒரு நேரத்துல ஒரு செட்டிங்தான் மாத்தணும். அஞ்சையும் ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு சொல்ல முடியாது. சூப்பர்வைசர் தொண்ட கிழியக் கத்துவாரு.”

“அப்ப ஏன் செங்கல் வைக்கிற?”

“நீங்க மெஷின் இல்லயே.”

இரண்டு வாரம் கழித்துத் திசு ஆய்வின் முடிவு வந்தது. எடுத்த சதையில் புற்றுநோய் உயிரணுக்கள் இல்லை. வீக்கம் மட்டும் இருந்தது. ஆனால் வீங்கிய சதையைக் கொண்டு அடித்தளத்தைப் பற்றி உறுதி கூற இயலாது, ஆறிய பிறகு மீண்டும் எடுக்க வேண்டும் என்று அதே அறிக்கையில் இருந்தது. பாதி மூச்சு விட்டோம். மீதிப் பாதியை ஆறு வாரம் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்நாட்களில் ஒவ்வொரு கவளத்தையும் நெஞ்சுக்குள் இறங்கும்வரை மூவரும் கவனித்தோம். நான் விழுங்கி முடித்ததும்தான் தனலெட்சுமி தன் தட்டில் கை வைப்பாள். ஒன்றும் நிற்கவில்லை.

மூன்றாம் பரிசோதனையில் திரையை நானே பார்த்தேன். இளஞ்சிவப்பு. புண்ணிருந்த இடம் மருத்துவர் விரலால் காட்டிய பிறகே தெரிந்தது. அங்கிருந்து எடுத்த சதையிலும் ஒன்றும் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. மருந்தின் அளவைக் குறைத்திருக்கிறார்கள், நிறுத்தவில்லை.

கோவில் குழுவில் படம் போட்டவரை நேரில் பார்த்து அதை நீக்கச் சொன்னேன். மருந்தை நிறுத்தியவரை மறுபடியும் அதைத் தொடங்கச் செய்தேன். எந்த மருந்தைக் குறித்தும் பேசுமுன், எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு உண்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் பேரங்காடியில் இரவுக் காவல் பணி செய்பவர். மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு மாலைவரை உறங்குகிறாராம். அதை மருத்துவரிடம் சொன்னீர்களா என்றேன். மருத்துவர் கேட்கவில்லையே என்றார்.

தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். என் புண்ணை ஆற்றியது புதிய மாத்திரையா, வேளைக்கு உண்ட உணவா, உயர்த்திய கட்டிலா, எல்லாம் சேர்ந்தா, தெரியாது. முறையாக உண்டிருந்தால் பழைய மருந்தே போதுமானதாக இருந்திருக்குமா, தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வேண்டுதல் பலித்ததா என்பதற்கு என்னிடம் அறிக்கை இல்லை. நாற்பத்தெட்டு நாள் நான் தொடாமல் அனுப்பிய கஞ்சியைத் தனலெட்சுமி என்ன செய்தாள் என்பதும் தெரியாது. கேட்டேன். “ஆறிப்போச்சு, விடுங்க,” என்றாள்.